பாணாவரம் ஸ்டேஷன் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது ராயபுரம், சொந்த ஊர் பாணாவரம். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியதே, அந்தப் பாதையில்தான் எங்கள் ஊர் ஸ்டேஷனும் இருக்கிறது. பெயர்ப் பலகையில் சோளிங்கர் என்றிருக்கும். அங்கே இறங்கி, மலைக்கோயில் எங்கே என்று தேடுபவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். கோயிலுக்கு பஸ் பிடித்துத்தான் போக வேண்டும்.

தாத்தா அங்கே போர்ட்டராக இருந்தார். அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு அட்டை டிக்கெட் கிடைத்தது. கட்டைவிரல் அகலம், பழுப்பு நிறம். தேதி மை இல்லாமல் அழுத்திப் பதித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. அதைப் பார்த்ததிலிருந்து ஸ்டேஷன் வரலாற்றைத் தொகுத்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய கட்டடம், சிக்னல் கை, ஊழியர்கள் என எந்தப் படம் இருந்தாலும் அனுப்புங்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய்க் கேட்டுக்கொள்கிறேன். இதுதான் அவசரம், அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அப்புறம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ரயில்வே கோப்புகள் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அனுமதிக்கு எப்படி எழுத வேண்டும் என்று சொல்ல முடியுமா?