ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பார்த்து வீடு வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மத்திய_ஜெர்சி:
அமெரிக்காவில் வீடு எந்த டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த அரசுப் பள்ளிதான் பிள்ளைக்கு. எல்லோரையும் போல நியூ ஜெர்சியில் நாங்களும் பள்ளி ரேட்டிங் பார்த்துத்தான் வாங்கினோம். பத்துக்கு ஒன்பது. "நம்மாட்கள் நிறைய இருக்காங்களா?" என்று ஏஜென்டிடம் கேட்டால் மனுஷன் கூரையைப் பார்க்கிறார். வீடு விற்பதில் இனம் பார்க்கக்கூடாது என்கிற 1968 ஃபேர் ஹவுசிங் சட்டத்தை வைத்துக்கொண்டு அவர் அதற்கு வாய் திறக்க முடியாதாம், நீங்களே நெட்டில் பாருங்கள் என்றார். அது போகட்டும்.

பத்திரம் முடிக்குமுன் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் கடைசி வாக்த்ரூ அன்று வீட்டை விற்ற அம்மா, வெள்ளைக்காரர், சமையலறை நிலைக்கதவைத் தடவிக்கொண்டு நின்றார். பிள்ளைகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகள். ஏன் விற்கிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். "சின்னவனுக்கு பி கிரேடு வருகிறது. இங்கே பி வாங்கினால் முட்டாள். வேறு ஊரில் அவன் நல்லாப் படிக்கிற பையன்" என்றார். குரலில் கோபமே இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், பாய்லர் எத்தனை வருஷப் பழசு என்று கேட்டு வைத்தேன்.

தயிர்சாதம்:
2015-ல் நம்ம நியூ ஜெர்சி வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்டில் நடந்த கலாட்டா ஞாபகம் இருக்கிறதா? பள்ளிகளுக்கெல்லாம் தலைவரான சூப்பரிண்டெண்டெண்ட் டேவிட் ஆடர்ஹோல்ட், பிள்ளைகளின் படிப்பு அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 பிள்ளைகளை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள், 40 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். மிட்டெர்ம், ஃபைனல் பரீட்சை இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 2007-ல் 44 சதவீதமாக இருந்த ஆசியப் பிள்ளைகள் அப்போது 65 சதவீதம். ஊர் இரண்டாகப் பிரிந்தது, முழுக்க இல்லாவிட்டாலும் பெரும்பாலும் நிறப்படி.

நான் பக்கத்து டிஸ்ட்ரிக்ட். "தரத்தைக் குறைக்கிறார்கள்" என்று சத்தம் போட்ட கட்சி. அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை, கணக்கு கோச்சிங்குக்கும் வயலினுக்கும் நடுவே காரில் மகள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். சத்தத்தையே காணோமே என்று கண்ணாடியில் பார்த்தால், ஸ்பூன் வாயில் இருக்க அப்படியே தூங்கிவிட்டாள். எட்டாம் வகுப்பு. எழுப்பி வயலினுக்கு அனுப்பினேன்.

கணக்குப்பிள்ளை:
@மத்திய_ஜெர்சி, அந்த அம்மா சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். விலை ஏறியது, விற்றார். @தயிர்சாதம், வயலின் உங்கள் முடிவு, அதற்கு டிஸ்ட்ரிக்டை இழுக்காதீர்கள்.

நானும் ஒன்பதைப் பார்த்து வாங்கியவன்தான். பையனுக்குப் பேச்சுத் தெரபி கேட்டதற்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். என் கதை அவ்வளவே. இனி வாங்கப்போகிறவர்களுக்கு: ரேட்டிங்கில் தெரிவது பெரும்பாலும் பெற்றோரின் வருமானமும் படிப்பும். வாத்தியார் சேர்த்தது எவ்வளவு என்று அதில் தெரியாது. நியூ ஜெர்சி வருஷா வருஷம் பள்ளிவாரியாக வெளியிடும் அறிக்கையில் எஸ்ஜிபி (ஸ்டூடண்ட் க்ரோத் பர்சென்டைல்) என்று ஒன்று உண்டு. முன்பு இதே அளவு மதிப்பெண் எடுத்த மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு, ஒரு பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று காட்டும். 50 என்றால் நடுத்தரம். ஒன்பது ரேட்டிங் பள்ளி இதில் சப்பென்று இருப்பதும் உண்டு. அப்புறம் வருமானம் குறைந்த வீடு என்பதால் இலவச மதிய உணவு வாங்கும் பிள்ளைகளின் மார்க்கைத் தனியாகப் பாருங்கள், பள்ளியின் வேலை அங்கேதான் தெரியும். அறிக்கையில் "ஏசியன்" என்ற ஒரே கட்டத்தில் சீனர், கொரியர், தெலுங்கர், நேபாளி, நாம் எல்லோரும் அடக்கம், அந்தச் சராசரியை வைத்து உங்கள் பிள்ளையை எடை போடாதீர்கள். பிராபர்டி டாக்ஸில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது, பிள்ளை காலேஜ் போன பிறகும் கட்ட வேண்டும். முடிந்தால் அதே எல்லைக்குள் ஒரு வருஷம் அபார்ட்மெண்டில் இருந்து பாருங்கள்.

டாலஸ்_வடக்கு:
இங்கே கதையே வேறு. 2000-ல் டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் 33 ஆயிரம் பேர், 2020-ல் இரண்டு லட்சம். சுற்றியுள்ள எங்கள் ஊர்களும் அப்படித்தான் வீங்கின. புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லைக்கோடு மாறும். போதாததற்கு, பள்ளியில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம் என்கிற 1997 சட்டத்தால் டெக்ஸஸில் வகுப்பு ரேங்க்தான் எல்லாம். 2026-ல் சேருபவர்களுக்கு யூடி ஆஸ்டின் (ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகம்) நேரடி இடத்தை முதல் 5 சதவீதம் ஆக்கிவிட்டது.

எல்லை மாற்றக் கூட்டத்தில் எல்லோரும் பழைய பள்ளியை விடமாட்டோம் என்று மைக்கில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு தமிழ் அம்மா என் காதருகே வந்து, "பேசாம புது ஸ்கூலுக்குப் போயிடலாங்க. அங்க நல்லாப் படிக்கிற பசங்க கம்மி, ரேங்க் வரும்" என்றார். சிரித்துவிட்டேன். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு எக்ஸெல் ஷீட் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்திய_ஜெர்சி:
@கணக்குப்பிள்ளை, விலை ஏறியது எனக்கும் தெரியும், கொடுத்தவனே நான்தான். ஆனால் ஏன் என்று கேட்டதும் அவர் வாயில் வந்தது விலை இல்லை.

போன வாரம் என் பையனுக்கு ஆல்ஜீப்ராவில் பி. அந்த எஸ்ஜிபி எங்கே பார்ப்பது?