ஆய்வில் பிள்ளைகளையும் கூட்டாளியாகச் சேர்த்தபோது: வடசென்னை அனுபவங்கள்

எண்ணூரிலிருந்து:

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததும், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு அமோனியா கசிந்ததும் எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. அதற்கப்புறம் பதின்பருவத்தினரின் மூச்சுக் கோளாறு பற்றிய ஒரு சிறிய ஆய்வில் களப்பணி செய்தேன். கேள்வித்தாள் அச்சாகும் முன்பே, பிளஸ் டூ படிக்கிற சிலரை உட்காரவைத்து இதில் என்ன சரியில்லை என்று கேட்டோம். அவர்கள் முதலில் பிடித்துக்கொண்டது நேரத்தைத்தான். "அக்கா, நைட்டு பதினோரு மணிக்கு மேலதான் வாடை வரும், நீங்க காலையில வந்து நல்லா இருக்கியான்னு கேட்டா இருக்கேன்னுதான் சொல்லுவோம்" என்றாள் ஒருத்தி. அப்படித்தான் ராத்திரி இருமல், கண் எரிச்சல், ஜன்னலைச் சாத்திய நேரம் எல்லாவற்றையும் அவர்களே குறித்துவைக்கும் நோட்டு வந்தது. அம்மா வாசலில் நிற்கும்போது சிகரெட் பற்றிக் கேட்டால் யார் உண்மை சொல்வார்கள் என்றான் ஒரு பையன். பள்ளிகளில் மட்டும் ஆள் தேடினால், படிப்பை விட்டுவிட்டு ஆற்றில் இறால் பிடிக்கப் போகிறவர்கள் விடுபடுவார்கள் என்பதும் அவர்கள் சொன்னதுதான். அந்தத் தெருவில் வளர்ந்தால்தான் இதெல்லாம் தெரியும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி ஒரு பிள்ளையை ஆய்வில் சேர்க்கப் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, 7 வயதிலிருந்தே பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும், 12க்கு மேல் எழுத்தில். எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வரும் பிள்ளைக்கு என்ன பயிற்சி என்று நெறிமுறைக் குழு கேட்டது, நியாயம்தானே. பக்கத்து வீட்டு நோயை வெளியே பேசக்கூடாது என்பதை நடித்துக் காட்டியே பழக்கினோம்.

காசிமேட்டிலிருந்து:

அக்கா, நான் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தவன். ஒரு இடத்தில் இளைஞர் ஆலோசகர் என்று கூப்பிட்டு, மேடையில் உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள், எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பிள்ளைகளை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பிரித்து ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் எழுதிய எட்டுப் படி ஏணியில் இதெல்லாம் கீழ் மூன்று படிக்குள் வரும், அதைப் பங்கேற்பு என்றே அவர் சொல்லவில்லை. இன்னொரு ஆய்வுக் குழு ஞாயிறு சாயங்காலம் கூட்டம் வைத்து, பஸ் செலவோடு சம்பளமும் கொடுத்தது. வேலைக்கு லீவு போடாமல் மாத்திரை வாங்க எந்த நேரம் ஒத்துவரும் என்பதையும் ஆராயச் சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள், முடிவையும் எங்கள் தெருவுக்கே வந்து சொன்னார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பணம் அவர்கள் கையில் போகிறதா, பெற்றோர் கணக்குக்கா? எனக்கு அவர்கள் கையில் போவதுதான் சரியென்று படுகிறது.