புதுப்பிப்பு: பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்கியாச்சு

எங்கள் நடுநிலைப் பள்ளி நூலகத்துக்கு 10,000 ரூபாயில் என்ன வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கிவிட்டோம். நீங்கள் சொன்ன ஐந்து விரல் சோதனைதான் பெரிய உதவி: பிள்ளை ஒரு பக்கம் படிக்கட்டும், புரியாத சொல்லுக்கெல்லாம் ஒரு விரல் மடக்கட்டும், ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நான் ஆசையாக எடுத்துவைத்த அறிவியல் நூல்களில் பாதி இதில் கழிந்தன.

அப்புறம், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல், 2023இல் சாகித்ய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இரண்டு பிரதி போதவில்லை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் மடியில் வைத்துப் படிக்கிறாள்.

எட்டாம் வகுப்புப் பையன்களுக்குத்தான் இன்னும் எதுவும் அமையவில்லை. சொல்லுங்களேன்.