புதுப்பிப்பு: தங்கை மகளின் நுரையீரல் ஸ்கேனும் பில்லும்

29 வாரத்திலேயே பிறந்த என் தங்கை மகளுக்கு, நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்த்துத்தான் சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் சுருங்கிப்போகாமல் விரிந்திருக்க உதவும்) மருந்து கொடுப்போம் என்கிறார்கள், செலவு எகிறுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பில் வந்துவிட்டது. ஸ்கேன் கட்டணம் அதில் மிகச் சின்னத் தொகை.

மருந்துதான் விலை. போராக்டன்ட் என்ற சர்ஃபாக்டன்ட்டை முதல் தடவை கிலோவுக்கு 200 மி.கி. கணக்கில் கொடுத்தார்கள். குட்டியின் எடை 1100 கிராம், அதனால் 220 மி.கி. 240 மி.கி. குப்பி ஒன்றோடு முடிந்தது. 1200 கிராமைத் தாண்டியிருந்தால் இரண்டாவது குப்பியும் உடைத்திருக்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைக்கவும் முடியாது.

அப்புறம், ஸ்கேனில் என்ன பார்ப்பார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். நெஞ்சின் இரு பக்கமும் மும்மூன்று இடம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் அதிகபட்சம் 18. மதிப்பெண் கூடக்கூட நுரையீரலில் காற்று குறைவு என்று அர்த்தம். சுவாசிக்கக் கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் தேவை 30 சதவீதத்தைத் தாண்டும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மருந்து கொடுக்க அதுதான் உதவியது. எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சும் கிடையாது.

வென்டிலேட்டர் தேவைப்படவே இல்லை, மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் காற்று கொடுக்கும் சீபேப்போடு (CPAP) சரி. ஐசியூ வாடகை நாள்கணக்கில் ஏறும்போது அது எவ்வளவு பெரிய மிச்சம்! நேற்றுதான் தங்கை முதன்முதலாக அவளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.