ஈயக்காசுக்குத் தேக்குப் பெட்டி சரிவருமா?

கேள்வி: சாதவாகனர் ஈயக்காசு 30, சங்ககாலப் பாண்டியர் சதுரச் செப்புக்காசு 45, ரோமானிய வெள்ளி தினாரி 6. சென்னை, ஏசி இல்லாத அறை. பழைய தேக்கில் 10 டிராயர் பெட்டி செய்து தருவதாக ஆசாரி சொல்கிறார். அடிப்பலகை பிளைவுட், மேலே பச்சை ஃபெல்ட். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில் 1: ஈயத்தை எந்த மரப்பெட்டியிலும் வைக்காதீர்கள். மரம் அசிட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அது ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். அந்த வேதிவினையில் அமிலம் மறுபடி வெளிவருவதால் அரிப்பு தானாக நிற்காது. பொடி நச்சு, ஊதித் தட்டாதீர்கள். ஓக் மரம் படுமோசம். ஐரோப்பியர்கள் காசுப்பெட்டிக்கு மகோகனி மரத்தைப் பிடித்துக்கொண்டது அதில் அமிலமே இல்லை என்பதால் அல்ல, குறைவு என்பதால். பழைய தேக்கிலும் ஆவி குறையும், நிற்காது.

பிளைவுட்டை முதலில் கழற்றச் சொல்லுங்கள், பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வரும். ஃபெல்ட் கம்பளியாக இருந்தால் அதிலுள்ள கந்தகம் தினாரியைக் கறுக்கடிக்கும். வெளுக்காத, சாயமேற்றாத பருத்தித் துணி போதும்.

கேட்டவர்: உள்ளே வார்னிஷ் அடித்தால் அடங்காதா சார்?

பதில் 2: ஆவி மெதுவாகும், அவ்வளவுதான். எண்ணெய் வார்னிஷ் என்றால் காயும்போது அதுவே அமிலம் விடும். அலுமினியத் தாள் ஒட்டிய பிளாஸ்டிக் விரிப்பால் உட்புறத்தை மூடினால் உண்மையிலேயே தடுக்கும். மூலை, விளிம்பு விடக்கூடாது.

உங்கள் ஊரில் பெரிய எதிரி ஈரம். செப்புக்காசில் நகத்தால் சுரண்டினால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி இருந்தால் அது குளோரைடு நோய், அதாவது செம்பைத் தொடர்ந்து தின்னும் அரிப்பு. பச்சையெல்லாம் நோயல்ல, கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சைப் படலத்தைத் தொடாதீர்கள். நோய்ப்பட்டதற்கு ஈரப்பதம் 40%-க்குக் கீழே வேண்டும். மரப்பெட்டி காற்றுப் புகாததல்ல, அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டால் சில நாளில் நிரம்பிவிடும். ரப்பர் வளையம் இல்லாத, இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பாவில் ஜெல்லோடு வையுங்கள். பிவிசி உறை மட்டும் வேண்டாம்.

பதில் 3: அட்வான்ஸுக்கு முன் ஒரு சோதனை. தூண்டில் ஈயக்குண்டை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, ஆசாரியின் மரச்சீவல், சில சொட்டுத் தண்ணீரோடு கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். ஈயம் தண்ணீரைத் தொடாமல் நூலில் தொங்கட்டும். இன்னொரு புட்டியில் சீவல் இல்லாமல் அதே ஏற்பாடு. அருங்காட்சியகங்களில் 60 டிகிரியில் 28 நாள். வீட்டுச் சூட்டில் இரண்டு மூன்று மாதமாவது விடுங்கள். சீவல் புட்டியில் மட்டும் வெள்ளை பூத்தால் அந்த மரம் துணி பீரோவுக்குப் போகட்டும்.