7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. மேம்பாடு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழுவில் உள்ள மருத்துவ இயற்பியலாளர்களுக்கும் நரம்பியல் ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பழைய 7 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் காந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கிரேடியன்ட் சுருள் (படத்தில் இடத்தைக் குறிக்கக் காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கம்பிச் சுருள்), ரேடியோ அலை பரப்பிகள், கணினி ஆகியவற்றை மட்டும் மாற்றத் திட்டமிட்டுள்ளோம். தனக்கெனக் கவசமில்லாத அந்தக் காந்தத்தைச் சுற்றி, அதன் புலம் வெளியே பரவாமல் தடுக்க நூற்றுக்கணக்கான டன் இரும்பு நிற்பதால், அதை வெளியே எடுப்பதென்றால் கட்டடத்தையே உடைக்க வேண்டியிருக்கும்.

எங்களுக்கு முதன்மையான தேவை, தலைக்குள் ரேடியோ அலை சீராகப் பரவும்படி எட்டுத் தடங்களில் இணையாக அலை பரப்பும் வசதி. 7 டெஸ்லாவில் ஹைட்ரஜன் அணுக்கரு ஏறத்தாழ 298 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதால், மூளைத் திசுவுக்குள் அலைநீளம் 12, 13 செ.மீ. அளவுக்குச் சுருங்கி, தலையின் நடுப்பகுதி வெளிச்சமாகவும் பொட்டுமடலின் அடிப்பகுதியும் சிறுமூளையும் மங்கலாகவும் பதிவாகின்றன. பொட்டுமடலின் உட்புறம் உள்ள நினைவாற்றல் பகுதியான ஹிப்போகாம்பஸை ஆராயும் எங்களுக்கு இது நெடுநாள் தலைவலி.

சிக்கல் என்னவென்றால், ஒரே பங்கேற்பாளர்களை ஆண்டுதோறும் படமெடுக்கும் ஆய்வு ஒன்று பாதியில் இருக்கிறது. இத்தகைய மாற்றத்தைச் செய்தவர்கள், பழைய படங்களையும் புதியவற்றையும் ஒப்பிட, மாற்றத்துக்கு முன்னும் பின்னுமாக எத்தனை தன்னார்வலர்களை ஸ்கேன் செய்தீர்கள்? ஃபான்டம் (ஆளுக்குப் பதிலாக ஸ்கேன் செய்யும் சோதனை மாதிரி) மட்டும் போதுமா? (போதாது என்றே நினைக்கிறேன், கிரேடியன்ட் சுருள் மாறினால் படத்தின் வடிவமே சற்றுத் திரிபடையும்.) புதிய சுருளின் அதிர்வால் பழைய காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஆவியாவது கூடியதா, அதற்காக எந்த அதிர்வெண்களைத் தவிர்த்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும். ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால், விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய உறுதிகள் எவை என்பதையும் சொல்லுங்கள்.