விஸ்கான்சின் பெண்கள் ஐஸ் ஹாக்கி, 2024-25 சீசன்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மேடிசன் ஆய்வு மாணவன்:

தேசியக் கோப்பை வந்து, ஊர் கொண்டாடி முடித்து, பனியும் உருகிவிட்டது. எங்கள் லேபில் மட்டும் இன்னும் ஃபைனலின் அந்தக் கடைசி 19 நொடியைப் பற்றித்தான் பேச்சு. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் அணியை இந்த சீசனில் நேரில் பார்த்த தமிழ் ஆட்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு, அவர்களுக்காகத்தான் இது. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள், ஸ்கோர் பட்டியல் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும்.

நான் முதலில் சொல்லிவிடுகிறேன். 41 ஆட்டம், 38 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. இப்படி ஒரு அணியின் ஹோம் மேட்சுக்குப் போனால் என்ன ஆகும் என்றால், பாதி நாள் மூன்று பீரியடில் இரண்டாவது முடிவதற்குள்ளேயே யார் ஜெயிப்பார்கள் என்பது தெரிந்துவிடும், எதிரணிக் கோலியை (கோல்கீப்பரை) பார்த்தால் பாவமாக இருக்கும், அந்தப் பெண்ணைப் பார்த்து மாணவர் கூட்டம் ஒவ்வொரு கோலுக்கும் 'சல்லடை, சல்லடை' என்று வேறு கத்தும். அப்புறம் ஏன் போனாய் என்றால், லபான் அரங்கம்தான் காரணம். 2012ல் திறந்தது, 2,273 இருக்கைதான். ஆண்கள் அணி ஆடும் கோல் சென்டர் அரங்கம் பக்கத்திலேயே மலை மாதிரி நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் சுரங்கப்பாதை உண்டு. ஆனால் அங்கே மேல் வரிசையில் உட்கார்ந்தால் பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) எங்கே போகிறது என்று கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். இங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பக் வந்து மோதும்போது நாமே தலையைக் குனிந்துகொள்வோம்.

ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டம் நடக்கும்போதே ஆட்கள் வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே வருகிறார்கள், வெளியே போகிறார்கள், நடுவர் நிறுத்துவதே இல்லை. யாரும் ஒரு நேரத்தில் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆடுவதில்லை, முழு வேகத்தில் போய்விட்டு மூச்சு வாங்க பெஞ்சுக்குத் திரும்புகிறார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. பக்கத்து சீட்டில் வழக்கமாக உட்காரும் ஒரு பெரியவர் சொன்னார், கோல் போடும் ஆளை எல்லோரும் பார்ப்பார்கள், நீ கேசி ஓ'பிரையனைப் பார் என்று. பார்த்தேன். அந்தப் பெண் பக்கை வைத்துக்கொண்டு ஒரு நொடி சும்மா நிற்பார், எதிரணியில் ஒருவர் அவசரப்பட்டு நகர்வார், அந்தச் சந்தில் பாஸ் போய்விடும். சீசன் முழுக்க 26 கோல், 62 அசிஸ்ட் (அடுத்தவர் கோலுக்கு வழி செய்த பாஸ்). 62! நாட்டிலேயே அதிகக் கோல் போட்ட லைலா எட்வர்ட்ஸும் (35) இதே அணிதான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

மினியாபொலிஸிலிருந்து:

தம்பி, ஃபைனலை நேரில் பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

மார்ச் 23, ஞாயிறு, ரிட்டர் அரங்கம். கல்லூரிப் பெண்கள் ஹாக்கிக்காகவே இந்த நாட்டில் முதலில் கட்டிய அரங்கம் இதுதான். எங்கள் மினசோட்டா அணியின் சொந்த வீடு. அந்த வீட்டிலேயே இரண்டு நாள் முன்னால் செமியில் விஸ்கான்சின் எங்களை 6-2 என்று துவைத்துவிட்டது. எனவே ஞாயிறு அன்று என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த உள்ளூர் ஆட்கள் பாதிப் பேர் ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒஹாயோ மேல் பாசம் என்று நினைக்காதீர்கள், விஸ்கான்சின் மேல் கடுப்பு.

இந்த இரண்டு அணியும் ஃபைனலில் மோதுவது தொடர்ந்து மூன்றாவது வருடம். 2023ல் விஸ்கான்சின் 1-0, 2024ல் ஒஹாயோ ஸ்டேட் 1-0. அதனால் இந்த முறையும் கஞ்சத்தனமான ஆட்டமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். நேர்மாறு. இரண்டு பக்கமும் கோல். கடைசி நிமிடத்தில் ஒஹாயோ 3-2 முன்னிலை. விஸ்கான்சின் தன் கோலியை வெளியே எடுத்து, கூடுதலாக ஒரு ஆளை இறக்கி, கோல் முன்னால் மொத்தக் கூட்டமும் விழுந்து எழுந்து கிடக்கிறது. விசில். ஆட்டம் நின்றது. நான் கோட்டைக்கூடப் போட்டுக்கொண்டேன், பார்க்கிங்கில் நெரிசல் வருமுன் கிளம்பலாம் என்று.

அப்போதுதான் விஸ்கான்சின் பயிற்சியாளர் மார்க் ஜான்சன் சேலஞ்ச் கேட்டார். கோலுக்கு முன்னால் உள்ள நீல அரைவட்டத்துக்குள் ஒஹாயோ ஆட்டக்காரர் ஒருவர் கையால் பக்கை மூடினார் என்பது புகார். கோலி அல்லாத யாரும் அங்கே அப்படிச் செய்தால் பெனால்டி ஷாட். நடுவர்கள் வீடியோ பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெனால்டி ஷாட் என்று கையைக் காட்டியதும் அரங்கத்தில் எழுந்த சத்தம் இருக்கிறதே, பாதி ஆரவாரம், பாதி ஊளை. மீதி நேரம் 18.9 நொடி. கிர்ஸ்டன் சிம்ஸ் தனியாக நடுக்கோட்டிலிருந்து வந்தார். எப்படி உள்ளே போட்டார் என்று கேட்காதீர்கள், எனக்கு முன்னால் இருந்த ஆள் எழுந்துவிட்டார், கோல் விழுந்தால் எரியும் விளக்கு எரிந்ததைத்தான் பார்த்தேன். 3-3. ஓவர்டைம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே சிம்ஸ், கோலியிடமிருந்து தெறித்து வந்த பக்கைத் தட்டி உள்ளே போட்டார். முடிந்தது. 2023 ஃபைனலின் ஒரே கோலும் இவருடையதுதான் என்பதை வீட்டுக்கு வரும் வழியில் மனைவி போனில் படித்துச் சொன்னார்.

கொலம்பஸ் அக்கா:

ஒஹாயோ பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா, நான் எழுதுகிறேன்.

விதி விதிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு பேர் ஸ்டிக்கை நீட்டிக் குத்துகிற இடத்தில், கீழே விழுந்து கிடக்கும் ஒருவரின் கை எங்கே இருக்க வேண்டும் என்கிறீர்கள்? முழு ஆட்டத்தையும் அப்படி ஆடிவிட்டு 19 நொடியில் ஒரு ஸ்லோ மோஷன் வீடியோவால் பறிகொடுப்பது ஜீரணிக்க முடியாத விஷயம். எங்கள் மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. அவளுக்கு வயது பதினொன்று, அவளுக்கு இருக்கும் கோபத்தில் கால்வாசிகூட எனக்கு இல்லை.

இன்னொரு எரிச்சல், அந்த லைலா எட்வர்ட்ஸ் எங்கள் ஒஹாயோ பெண். கிளீவ்லாண்ட் ஹைட்ஸ்காரர். அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியில் ஆடிய முதல் கறுப்பினப் பெண், ஆறடிக்கு மேல் உயரம், எங்கள் மாநிலத்துப் பெண் எங்களுக்கு எதிராகவே கோல் போடுகிறார். மகள் சுவரில் ஒட்டியிருப்பதும் அவர் படத்தைத்தான், விஸ்கான்சின் சட்டையோடு. நான் என்ன செய்ய?

எங்கள் ஊரில் ஒஹாயோ ஸ்டேட் பெண்கள் அணி ஆடும் ரிங்க் (ஐஸ் தளம்) பழையது, சின்னது. ஆனால் 2022ல் இந்த அணி முதல் தடவை தேசியக் கோப்பை வாங்கியது, 2024ல் இரண்டாவது. பயிற்சியாளர் நடின் முஸெரல் வந்த பிறகு நடந்தது இதெல்லாம். விஸ்கான்சின்காரர்கள் 2025 வரை வாங்கிய தங்கள் எட்டுக் கோப்பையைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சின்னப் பிள்ளைகளாகப் பார்க்கிறார்கள், மூன்று வருடமாக ஃபைனலில் எதிரில் நிற்பது யார் என்று அவர்களே யோசிக்கட்டும்.

சிகாகோவிலிருந்து:

நாங்கள் பார்த்தது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் பாதி. ஜனவரி 4, ரிக்லி ஃபீல்ட். 1914ல் திறந்த பேஸ்பால் மைதானத்தில் தற்காலிக ஐஸ் போட்டு, இதே இரண்டு அணிகளும் திறந்தவெளியில் ஆடின. யோசனை அருமை. ஆனால் பேஸ்பால் பார்ப்பதற்காகக் கட்டிய இருக்கைகள், ரிங்க் ரொம்பத் தூரத்தில். குளிரில் பையனுக்குக் கால் விரல் மரத்துப்போய் அழ ஆரம்பித்துவிட்டான், கிளம்பிவிட்டோம். மிச்சத்தை வீட்டில் டிவியில் பார்த்தது எவ்வளவோ மேல்.

ஒன்று மட்டும் மனதில் நின்றது. பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளுவது ஃபவுல் என்று படித்திருந்தேன், சாதுவாக இருக்கும் என்று போனேன். ஓர வேலியில் பக்குக்காக இரண்டு பேர் தோளோடு தோள் நெருக்குவதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

மேடிசனில் வெகுகாலமாக இருப்பவர்:

சின்ன அரங்கம்தான் அழகு என்று தம்பி எழுதியதைப் படித்தேன். 2017 ஜனவரியில் இதே அணி கோல் சென்டரில் ஆடியபோது 15,359 பேர் வந்தார்கள், நானும் அதில் ஒருவன். கூட்டம் வராது என்று சொல்வதெல்லாம் சும்மா, இடம் கொடுத்தால் வருவார்கள். இப்போது டிக்கெட் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

மார்க் ஜான்சனைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் அணியைத் தோற்கடித்தார்களே, அதில் இரண்டு கோல் இவருடையது. அப்படிப்பட்டவர் 2002லிருந்து பெண்கள் அணியோடேயே இருக்கிறார். கடையில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருக்கிறார், ஒரு பந்தாவும் கிடையாது. சேலஞ்ச் கேட்ட அந்த நேரத்திலும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று டிவியில் பார்த்தேன்.

ஓ'பிரையனைப் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. 13 வயதில் அவருக்கு எலும்புப் புற்றுநோய். சரியானது, திரும்ப வந்தது, மறுபடியும் வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் தாண்டித்தான் மேடிசன் வந்தார். ஃபைனலுக்கு முந்தைய நாள் அவருக்கு பேட்டி காஸ்மையர் என்பவர் பெயரிலான விருதைக் கொடுத்தார்கள், கல்லூரிப் பெண்கள் ஹாக்கியில் அதுதான் பெரிய விருது. கடைசி மூன்று பேர் பட்டியலில் இருந்ததே ஓ'பிரையன், எட்வர்ட்ஸ், கேரொலின் ஹார்வி, மூன்றும் நம் அணி. இந்த ஊர்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, ஆனால் கொலம்பஸ் அம்மா, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

கொலம்பஸ் அக்கா:

விருதுக்கு விட்டுக்கொடுக்கிறேன் சார். அந்தக் கைக்கு முடியாது.

புதிதாக மேடிசன் வருபவர்:

ஆகஸ்டில் முதுகலைக்கு வருகிறேன். ஹாக்கி என்றால் எனக்குத் தெரிந்தது புல்வெளி ஹாக்கி மட்டும். லபானில் எங்கே உட்கார்வது, என்ன போட்டுக்கொண்டு போவது?

மேடிசன் ஆய்வு மாணவன்:

வெளியே போகிற ஜாக்கெட்டோடு போ, உள்ளேயும் குளிரும், பருத்திச் சட்டை மட்டும் போதாது. கண்ணாடியை ஒட்டிய முதல் வரிசை பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் எதிர்மூலையில் நடப்பது தெரியாது, ஏழெட்டு வரிசை மேலே போனால் பாஸ் எப்படிப் போகிறது என்பது முழுசாகத் தெரியும். மினசோட்டாவோ ஒஹாயோ ஸ்டேட்டோ வரும் வாரக்கடைசிக்கு டிக்கெட் முன்பே வாங்கிவிடு. அந்த வாரம் கொலம்பஸ் அக்கா வந்தால் நம் வீட்டில்தான் சாப்பாடு, அவர் மகள் என்ன சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் சரி.